அம்மாவுக்கு மீன் எண்ணெய்க் குளிசை நாளுக்கு நாலு போடலாமா? நெஞ்சு படபடக்கிறது என்கிறார்

களுதாவளை மகள் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. எட்டு வருடமாகப் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். போன வருடம் கிளினிக்கில் அஸ்பிரினும் சேர்த்தார்கள். சீனி வருத்தம் இல்லை. லண்டனில் இருக்கும் அக்கா பெட்டி அனுப்பும்போதெல்லாம் மீன் எண்ணெய்க் குளிசை இரண்டு போத்தல் வைத்து அனுப்புவார். முதலில் நாளுக்கு ஒன்றுதான் போட்டார். முழங்கால் உளைவு கூடின பிறகு, பக்கத்து வீட்டு மாமி "நாலு போட்டால்தான் பிடிக்கும், நான் அப்படித்தான் போடுகிறேன்" என்று சொல்ல, காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று நாலரை மாதமாகப் போடுகிறார்.

மூன்று கிழமையாக இரவில் படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். நேற்று இரவு நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு அடி வேகமாக, பிறகு ஒரு இடைவெளி, பிறகு மூன்று அடி, ஒரு ஒழுங்கில்லாமல் போனது. எனக்குப் பயமாகிவிட்டது.

கிளினிக்கில் இந்தக் குளிசையைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அது மருந்தில்லையே மகள், மீன்தானே" என்கிறார்.

வாவிக்கரையான் | ஞாயிறு இரவு 9.58

எங்கள் வீட்டிலும் ஐந்து வருடமாக எடுக்கிறோம், ஏப்பத்தில் மீன் வாடை வருவதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் நாலு என்பது எனக்கு அதிகமாகத் தெரிகிறது. யாராவது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் வந்து சொல்லட்டும்.

வார்டுத் தாதி | ஞாயிறு இரவு 10.15

தங்கச்சி, எண்ணெய்க் கதையைப் பிறகு பேசுவோம். நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்று நீங்களே கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு 67 வயது, பிரஷர் வேறு. கிளினிக் திகதி வரும்வரை பொறுக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே கூட்டிப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். அந்தப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். இடையில் நெஞ்சு நோவு, மூச்சு வாங்குதல், மயக்கம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல், இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மீன் எண்ணெயை இன்றிரவே நிறுத்தலாம், சட்டென்று நிறுத்துவதால் அதில் ஒரு கெடுதலும் இல்லை. பிரஷர் குளிசையையும் அஸ்பிரினையும் மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

போத்தலின் பின்பக்கத்தில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

களுதாவளை மகள் | ஞாயிறு இரவு 10.31

அக்கா, முன்பக்கத்தில் பெரிதாக 1000 என்று இருக்கிறது. பின்பக்கத்து எழுத்து மிகச் சின்னது, போன் வெளிச்சத்தில்தான் வாசித்தேன். ஒரு குளிசைக்கு ஈ.பி.ஏ. 360 மில்லிகிராம், டி.எச்.ஏ. 240 மில்லிகிராம். காலையில் மட்டக்களப்புக்கே கூட்டிப் போகிறேன்.

வார்டுத் தாதி | ஞாயிறு இரவு 11.05

நல்லது. இப்போது கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

முன்பக்கத்து 1000 என்பது குளிசைக்குள் இருக்கும் எண்ணெயின் மொத்த எடை. உடம்பில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்பு என்பது பின்பக்கத்து ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டின் கூட்டுத்தொகை. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 1000 மில்லிகிராம் குளிசையில் அது 180-உம் 120-உம், மொத்தம் 300தான். உங்கள் அம்மாவுடையது செறிவு கூடின வகை, ஒன்றில் 600. பக்கத்து வீட்டு மாமியின் போத்தல் சாதாரணமானது என்றால் அவருக்கு நாலு குளிசை 1.2 கிராம். உங்கள் அம்மாவுக்கு அதே நாலு குளிசை 2.4 கிராம். மாமி பொய் சொல்லவில்லை. இரண்டு போத்தலிலும் முன்னால் 1000 என்றே போட்டிருந்தால் யாருக்கு விளங்கும்?

இனிப் படபடப்பு. இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது போலத் துடிப்பதை ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பார்கள். அப்படித் துடிக்கும்போது இரத்தம் உள்ளே தேங்கிக் கட்டி படலாம், கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். வயது, பிரஷர், தைரொயிட், மது, பருமன் என்று அதற்குக் காரணங்கள் பல. அந்த வரிசையில் கூடின அளவு ஒமேகா-3உம் இப்போது சேர்ந்திருக்கிறது.

இது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை. 2021இல் ஏழு பெரிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 81,210 பேர். நாளுக்கு 1 கிராமுக்கு மேல் எடுத்த ஆய்வுகளில் இந்த ஒழுங்கற்ற துடிப்பு 49 சதவீதம் கூடுதல். 1 கிராம் அல்லது அதற்குக் குறைவாக எடுத்தவற்றில் 12 சதவீதம். ஐரோப்பிய மருந்து முகவரகம் 2023இல் ஒமேகா-3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் இதை அடிக்கடி வரக்கூடியதாகவே சேர்த்தது.

49 சதவீதம் என்றதும் இரண்டு பேரில் ஒருவருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஆய்வில் நாளுக்கு 4 கிராம் எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேர் இதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடுக்காதவர்களில் 2.1 சதவீதம். ஏறக்குறைய ஐந்து வருடத்தில் நூறு பேருக்கு ஒருவர் கூடுதல். அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

மண்டூர் மாஸ்டர் | திங்கள் காலை 6.20

தாதி மகளின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இப்படி எழுதினால் நாளைக்கு ஊரில் எல்லோரும் போத்தலைக் கொண்டுபோய் வாவியில் கொட்டிவிடுவார்கள்.

எனக்கு 74 வயது. 2009இல் மாரடைப்பு வந்தது. அப்போது பார்த்த டொக்டர் சொல்லித்தான் நாளுக்கு ஒரு குளிசை தொடங்கினேன். இன்று வரை ஒரு குறையும் இல்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது நான்தான். கிரீன்லாந்து எஸ்கிமோக்கள் கொழுப்பாகவே தின்றும் மாரடைப்புக் குறைவாக இருந்ததை 1970களில் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்களே, அதெல்லாம் பொய்யா? நூறு ஆய்வு நல்லது என்று சொல்ல, ஒரு ஆய்வு கெட்டது என்றால் நாங்கள் எதை நம்புவது?

வார்டுத் தாதி | திங்கள் மாலை 5.45

சேர், நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழும்பி வந்து எழுதுகிறேன். உங்களுக்கு அன்று டொக்டர் சொன்னது அன்றைய அறிவுக்குச் சரியான சொல். அதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். 1999இல் இத்தாலியில் மாரடைப்பு வந்த 11,324 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 1 கிராம் அளவில் எடுத்தவர்களிடம் இறப்புக் குறைந்தது. உலகம் முழுவதும் டொக்டர்மார் அதை வைத்துத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

மறுகா நடந்தது என்னவென்றால், மாரடைப்புக்கான சிகிச்சையே மாறிவிட்டது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் குளிசை எல்லோருக்கும் கிடைத்தது, அடைப்பை உடனே திறக்கிறார்கள். அந்தக் காலத்துக்குப் பிறகு செய்த பெரிய ஆய்வுகளில் 1 கிராம் அளவு பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 2018இல் இரண்டு வந்தன. இங்கிலாந்தில் நீரிழிவு உள்ள 15,480 பேர், அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் 25,871 பேர். இரண்டிலும் முக்கியமாகப் பார்க்க நினைத்த மாரடைப்பு, பாரிசவாதம், இதயநோய் மரணம் என்ற மொத்தக் கணக்கு குறையவில்லை. அதே வருடக் கடைசியில் ஐரோப்பிய மருந்து முகவரகமும், மாரடைப்பு வந்தவருக்கு இன்னொன்று வராமல் தடுக்க ஒமேகா-3 பயன் தரவில்லை என்று முடிவுக்கு வந்தது.

ஆனால் சேர், மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இரத்தத்தில் டிரைகிளிசரைட் என்ற கொழுப்பு நன்றாகக் கூடினவர்களுக்கு ஒமேகா-3 அதைக் குறைக்கும், அது உறுதியான விசயம். ஈ.பி.ஏ. மட்டும் கொண்ட, டொக்டர் எழுதும் மருந்து ஒன்று இருக்கிறது. 8,179 பேரில் நாளுக்கு 4 கிராம் கொடுத்துப் பார்த்ததில் இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. நேற்று நான் சொன்ன 3.1, 2.1 கணக்கும் அதே ஆய்வில் வந்ததுதான். நன்மையும் கெடுதலும் ஒரே குளிசையில் இருந்தன. அந்த ஆய்வில் ஒப்பிடக் கொடுத்தது கனிம எண்ணெய் என்பதால், அதுவே எதிர்ப்பக்கத்து ஆட்களைக் கெடுத்து வித்தியாசத்தைப் பெரிதாக்கியதோ என்ற வாதமும் உண்டு. ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்து 4 கிராம் கொடுத்த இன்னோர் ஆய்வு, 13,078 பேர், பயன் தெரியாததால் 2020இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

கடைக் குளிசையில் அந்த 4 கிராமை எட்ட வேண்டுமென்றால் நாளுக்குப் பதின்மூன்று விழுங்க வேண்டும். அதனால் அந்த மருந்தின் நன்மையைச் சொல்லி இந்தக் குளிசையை விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

நீங்கள் போடும் ஒன்றைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. அடுத்த கிளினிக்கில் "இது இன்னும் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அன்றைய டொக்டரின் சொல்லை இன்றைய டொக்டர் ஒருமுறை பார்க்கட்டும்.

டோகாவில் அக்கரைப்பற்றான் | திங்கள் இரவு 8.10

இந்த இழையைப் பார்த்து நெஞ்சு திக்கென்றது. வாப்பாவுக்கு இதய வால்வு மாற்றி ஏழு வருடம், இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுக்கிறார். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது கொடுக்கலாம் என்று இங்கே ஆறு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் இதயத்துக்கு நல்லது என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். கொடுக்கலாமா?

சாய்ந்தமருதுப் பாமசிக்காரன் | திங்கள் இரவு 9.25

தம்பி, வாப்பாவிடம் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். வோபரின் எடுக்கிறவர் ஒமேகா-3 தொட்டாலே இரத்தம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. சாதாரண அளவில் பெரிய இரத்தப்போக்கு வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் வோபரின் கயிற்றில் நடப்பது போன்ற மருந்து. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் கொஞ்சம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினால் வால்வில் கட்டி படும். அப்படிப்பட்டவருக்கு எதைப் புதிதாகச் சேர்த்தாலும் கிளினிக்குக்குத் தெரிய வேண்டும். அவர்கள் சரி என்றால், தொடங்கின பிறகு ஐ.என்.ஆர். ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பார்கள். இரத்தம் கட்டி படாமல் இருக்க அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து எடுக்கிறவர்களும் இப்படித்தான். பல்லுப் பிடுங்கவோ ஒப்பரேஷனுக்கோ போகும்போதும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நான் 18 வருடமாகப் பாமசியில் நிற்கிறேன். ஆட்கள் என்னிடம் குழப்பிக்கொள்ளும் இரண்டு விசயத்தைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மீன் எண்ணெய் வேறு, கொட் லிவர் ஒயில் வேறு. முதலாவது மீனின் உடம்புக் கொழுப்பு, பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்தலி வகையிலிருந்து எடுப்பது. இரண்டாவது கொட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. ஈரலில் விற்றமின் ஏ-யும் டி-யும் நிறைய இருக்கும். இவற்றைக் குறைக்காத எண்ணெய் என்றால் ஒரு தேக்கரண்டியிலேயே விற்றமின் ஏ சுமார் 1,350 மைக்ரோகிராம். பெரியவருக்கு நாளுக்கு உச்ச எல்லை 3,000. ஒமேகா-3 கூட வேண்டும் என்று ஈரல் எண்ணெயை இரண்டு மடங்கு மூன்று மடங்காக்கினால், நாளடைவில் விற்றமின் ஏ ஈரலையும் எலும்பையும் கெடுக்கும். சிலர் இதோடு மல்டிவிற்றமின் குளிசையும் போடுவார்கள், அதிலும் விற்றமின் ஏ இருக்கும்.

இரண்டாவது, காறல். இது எண்ணெய், நம்முடைய வெக்கையில் காறும். பெட்டி கப்பலில் வருவதற்கே மாதக் கணக்கு, மறுகா வீட்டில் பிரிட்ஜுக்கு மேலே வைப்பார்கள். பிரிட்ஜின் மேல்பக்கம் எவ்வளவு சூடு என்று கையை வைத்துப் பாருங்கள். போன மாதம் ஒரு தாய் கொண்டுவந்த போத்தலில் குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. ஒன்றைப் பிய்த்துச் சோசரில் வைத்து பிளேட்டால் கீறினேன். எண்ணெய் கடும் மஞ்சள். பழைய பெயின்ட் டின்னைத் திறந்தது போல, போன வருடத்துத் தேங்காய் எண்ணெய் போல வாடை. நல்ல எண்ணெயில் மீன் வாடை மெல்லியதாக இருக்கும், இப்படி மூக்கில் குத்தாது. காலாவதித் திகதி முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது, ஆனால் அந்தத் திகதி நிழலில் வைத்த போத்தலுக்குத்தான். எலுமிச்சை வாசனை சேர்த்த குளிசையில் இந்தச் சோதனையும் பலிக்காது, வாசனை காறலை மறைத்துவிடும்.

வெளியிலிருந்து பெட்டியில் வருவதை யாரும் சோதிப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை மருந்துகளோடு, மருந்தா உணவா என்று பிரிக்கக் கடினமான எல்லைக்கோட்டுப் பொருட்களையும் பார்க்கிறது. ஆனால் அன்பாக அனுப்பும் பெட்டிக்குள் அது எட்டாது.

இன்னும் ஒன்று, எங்கள் ஆட்களுக்கு. குளிசையின் மேல்தோல் ஜெலட்டின். அது மாட்டினதா, பன்றியினதா, மீனினதா என்பதைப் போத்தலில் பாருங்கள். வெறும் ஜெலட்டின் என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்கிக் கொடுப்பதில்லை. மாட்டு இறைச்சி தொடாத தமிழ் ஆட்களும் இதை என்னிடம் கேட்பதுண்டு, கேட்பது சரிதான்.

மருதமுனை உம்மா | திங்கள் இரவு 10.02

பாமசிக் காக்கா சொன்ன ஈரல் எண்ணெய் விசயத்தில் எனக்கு அவசரமாக ஒரு கேள்வி. மருமகளுக்கு மூன்று மாதம். பிள்ளைக்கு மூளை நல்லா வரும் என்று சொல்லி அவளுடைய தாய் கொட் லிவர் ஒயில் கொடுத்திருக்கிறார், இரண்டு கிழமையாகக் குடிக்கிறாள்.

வார்டுத் தாதி | திங்கள் இரவு 10.20

உம்மா, இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். விற்றமின் ஏ மிதமிஞ்சினால் வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கும், அதுவும் முதல் மூன்று மாதத்தில். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு ஈரலும் ஈரல் எண்ணெயும் வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது. இரண்டு கிழமை என்றதும் கலங்கிவிட வேண்டாம், அளவைப் பொறுத்தது. போத்தலை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் அம்மாவிடமோ கிளினிக் டொக்டரிடமோ நாளைக்கே காட்டுங்கள்.

அவளுடைய தாய் நினைத்ததில் ஓர் உண்மையும் உண்டு. ஈரல் அல்லாத ஒமேகா-3 கர்ப்பிணிகளுக்கு நல்லதாகத்தான் தெரிகிறது. 70 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் வந்த கணக்கில், 37 கிழமைக்கு முன்னால் பிள்ளை பிறப்பது 13.4 சதவீதத்திலிருந்து 11.9 ஆகக் குறைந்தது. அது வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். சம்பந்தியோடு சண்டை பிடிக்காதீர்கள், அவரும் பேரப்பிள்ளைக்காகத்தான் வாங்கியிருக்கிறார்.

திருக்கோவில் தோணி | செவ்வாய் காலை 5.30

எல்லாம் வாசித்தேன். பெருவில் நெத்தலி பிடித்து, எண்ணெய் எடுத்து, குளிசையாக்கி, லண்டனுக்குப் போய், அங்கிருந்து களுதாவளைக்கு வருகிறது. நாங்கள் இங்கே கரைவலை இழுத்து சூடையும் கீரியும் கரையில் கொட்டுகிறோம். சில நாள் வாங்க ஆளில்லாமல் கருவாட்டுக்குப் போகிறது. ஆட்கள் அறுக்குளாவும் பாரையும் கேட்கிறார்கள், சூடையில் முள் என்கிறார்கள். எனக்கு அது மனவருத்தம்.

நெய் வைத்த கீரியைச் சட்டியில் போட்டால் ஆணத்துக்கு மேலே எண்ணெய் மிதக்கும். அம்மா அந்த ஆணத்தைத்தான் எங்களுக்குச் சோற்றில் விட்டுப் பிசைந்து தருவார், துண்டு பிறகு.

வார்டுத் தாதி | செவ்வாய் மாலை 4.50

தோணித் தம்பி சொன்னதை நானும் வார்டில் ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். கிழமைக்கு இரண்டு முறை மீன், அதில் கொழுப்பு மீன் இருந்தால் நல்லது என்பதுதான் அமெரிக்க இதயச் சங்கமும் சொல்வது. சூடை, சாளை, கீரி, கும்பளா மாதிரி மீன் நூறு கிராமில் ஏறக்குறைய 1 கிராம் ஒமேகா-3 கிடைக்கும். மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் அது கூடிக் குறையும். சாதாரணக் குளிசை மூன்றுக்குச் சமம். அதோடு புரதம், கல்சியம், விற்றமின் டி எல்லாம் வரும், இறைச்சிக்குப் பதிலாக அது தட்டில் இருக்கும். இதையெல்லாம் குளிசையில் அடைக்க முடியாது. சின்ன மீனில் பாதரசமும் மிகக் குறைவு, சுறா போன்ற பெரிய மீனில்தான் சேரும்.

ஆணமாகவோ சொதியாகவோ வையுங்கள். கருவாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பிரஷர்காரருக்கு அந்த உப்பே வினை. மாரியில் கடல் பொங்கி வள்ளம் இறங்காத மாதங்களில் சூடை கிடைக்காது, குளத்து மீனில் ஒமேகா-3 குறைவு. அப்போது டின் மீன் உதவும். அதிலும் மெக்கரல் இருக்கிறது, உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

மீன் உடம்புக்கு ஒத்துவராத, தடிப்பு வருகிற ஆட்கள் "மீன்தானே வேண்டாம், குளிசை போடுகிறேன்" என்று தொடங்கக் கூடாது. ஐஸ் போடாத சூரை தின்று முகம் சிவந்து தடித்தால் அது மீன் கெட்டதால் வந்த ஹிஸ்டமினாகவும் இருக்கலாம், உண்மையான அலர்ஜியாகவும் இருக்கலாம். டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகு யோசிக்கலாம்.

தங்கச்சி, நேற்றுப் போனீர்களே, என்ன சொன்னார்கள்?

ஹரோ அக்கா | செவ்வாய் இரவு 11.48

நான்தான் அந்தப் போத்தல் அனுப்புகிறவர். தங்கச்சி இணைப்பை அனுப்பினாள், வேலையால் வந்து இருந்த இடத்தில் இருந்தே முழுவதையும் வாசித்தேன்.

பன்னிரண்டு வருடமாக அம்மாவைக் கையால் பார்க்க முடியாமல் இருக்கிறேன். பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு சாமானும் அவருக்கு ஏதோ செய்கிற மாதிரி எனக்கு. முதலில் சாதாரணக் குளிசைதான் அனுப்பினேன். போன முறை அதே விலையில் செறிவு கூடினது இருந்தது, அம்மாவுக்கு நல்லதைத்தான் அனுப்ப வேண்டும் என்று அதை எடுத்தேன். பின்பக்கத்தை வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் எனக்கு விளங்கியிராது.

இங்கேயும் எல்லோரும் போடுகிறார்கள். வேலைத்தலத்தில் இப்போதுதான் ஒருவர் சொன்னார், பிரித்தானிய ஆய்வொன்றில் நல்ல உடம்போடு இருந்தவர்களுக்கே கூடாது என்று வந்ததாம். தாதி அக்கா, அது உண்மையா? என்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா?

வார்டுத் தாதி | புதன் காலை 7.15

ஹரோ தங்கச்சி, அழ வேண்டாம். ஆய்வு உண்மை. 2024இல் வந்தது, 40 முதல் 69 வயது வரையான 4,15,737 பேர். இதய நோய் இல்லாமல் இருந்து மீன் எண்ணெய் தொடர்ந்து எடுத்தவர்களில் ஒழுங்கற்ற துடிப்பு 13 சதவீதமும் பாரிசவாதம் 5 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் ஏற்கெனவே ஒழுங்கற்ற துடிப்பு இருந்தவர்களில் அது மாரடைப்பாக முற்றுவது 15 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. இது ஆட்களின் பழக்கத்தைக் கேட்டு எழுதிப் பின்தொடர்ந்த ஆய்வு, குளிசைதான் காரணம் என்று அதைக் கொண்டு மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

நீங்கள் அனுப்பியதில் ஒரு தவறும் இல்லை. நாலு போட்டதும், கிளினிக்கில் சொல்லாமல் விட்டதும்தான் திருத்த வேண்டியவை. அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. கிளினிக்கில் வேறு மருந்து எடுக்கிறீர்களா என்றுதான் கேட்கிறோம். பெட்டியில் என்ன வந்தது, போத்தலில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இந்தக் கிழமையிலிருந்து நான் அப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். நேற்று மட்டும் ஆறு பேர் தலையாட்டினார்கள்.

களுதாவளை மகள் | புதன் இரவு 8.30

எல்லோரும் மன்னிக்க வேண்டும், இரண்டு நாள் ஆஸ்பத்திரியோடு போய்விட்டது.

ஈ.சி.ஜி.யில் தாதி அக்கா சொன்ன அதே ஏட்ரியல் பிப்ரிலேஷன்தான். வார்டில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். துடிப்பை அடக்க ஒரு குளிசை, அஸ்பிரினை நிறுத்திவிட்டு இரத்தம் உறையாமல் இருக்க வேறொரு குளிசை தந்தார்கள். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவுக்குத் திகதி தந்திருக்கிறார்கள், தைரொயிடுக்கு இரத்தம் எடுத்தார்கள். அம்மா இப்போது நன்றாகப் படுக்கிறார்.

டொக்டரிடம் போத்தலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பிரஷரோடு இந்த வயதில் இது இல்லாமலும் வரும். ஆனால் இந்த அளவு உங்களுக்குத் தேவையில்லை, நிறுத்துங்கள்" என்றார். முழங்காலுக்கு என்று அம்மா மெல்லச் சொன்னார். முடக்குவாதத்தில் மூட்டு வீங்கி விறைக்கும் ஆட்களுக்கு இது கொஞ்சம் உதவலாம், தேய்ந்த முழங்காலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றார். பயிற்சி செய்யும் இடத்துக்குத் துண்டு எழுதித் தந்தார். பக்கத்து வீட்டு மாமியின் போத்தலையும் பார்த்தேன், 180உம் 120உம்தான். அவரையும் அடுத்த கிளினிக்கில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவோடு அம்மா போனில் கதைத்தார். "மகள், அடுத்த பெட்டியில் எனக்கு ஒரு நல்ல முழங்கால் பட்டி வை" என்று கேட்டார். அக்கா அரை மணித்தியாலம் அளவு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் எழுதிவிட்டேன்: மீன் எண்ணெய், ஒன்றில் 600, நாளுக்கு நாலு, நாலரை மாதம், நிறுத்தியது ஞாயிறு இரவு.

திருக்கோவில் தோணி | புதன் இரவு 9.05

அம்மா சுகமாக இருக்கட்டும். இந்தக் கிழமை கீரி பட்டால் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வரும் எங்கள் மோட்டார் சைக்கிள்காரரிடம் ஒரு கிலோ உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன். முள் எடுக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

டோகாவில் அக்கரைப்பற்றான் | வியாழன் இரவு 7.40

ஆறு போத்தலில் நாலைக் கடைக்காரர் திருப்பி எடுத்தார், இரண்டு மூடி திறந்தது என்பதால் எடுக்கவில்லை. வாப்பாவின் அடுத்த ஐ.என்.ஆர். திகதி 14. அன்று நான் ஊரில் நிற்பேன், கொப்பியையும் ஒரு போத்தலையும் கொண்டு நானே கூடப் போகிறேன்.